கல்பூர்னியாவின் தேவாலயமும் எங்கள் முருகன் கோயிலும்

அன்புள்ள மிஸ்,

உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. நாலு பேர் பார்க்க முன்னால் வந்து நிற்பது உங்களுக்குப் பிடிக்காது. சிங்கப்பூர் ஈசூனில் உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் எங்களுக்கு ஆங்கில இலக்கியம் எடுத்தவர் என்றாலே என் வகுப்புத் தோழர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். நேரிலேயே நன்றி சொல்லியிருக்கலாம். ஆனால், பிள்ளைக்கு எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால்தான் திறந்த மடல்.

முதலில் என் அப்பாவிடம் பேசியதற்கு நன்றி. அவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டர். “புவியியல் எடுத்தா மார்க்கு வரும், இலக்கியத்துல யாரு எப்படித் திருத்துவாங்களோ” என்பது அவர் கவலை. அவர் மட்டும் அல்ல, அந்தக் காலத்தில் ஊரே அப்படித்தான் நினைத்தது. 1992-ல் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தி வெளியிடத் தொடங்கிய பிறகு, மதிப்பெண் எளிதில் வராத பாடம் என்று இலக்கியம் ஒதுக்கப்பட்டது. 2001-ல் சமூகவியல் கட்டாயப் பாடமானதும் அதற்கான இடம் இன்னும் சுருங்கியது. சாதாரண நிலைத் தேர்வில் இலக்கியத்தை முழுப் பாடமாக எழுதியவர்கள் 1992-ல் ஏறத்தாழ 17,000 பேர். 2012-ல் சுமார் 3,000 பேர். இவ்வளவு பெரிய சரிவுக்கு நடுவில் நீங்கள் ஒவ்வொரு பெற்றோராக உட்கார வைத்துப் பேசினீர்கள். அப்பாவிடம் மதிப்பெண்ணுக்கு உறுதி தரவில்லை. நான் எழுதிய ஒரு பத்தியை எடுத்து, அவருக்குத் தமிழில் சொல்லும்படி என்னிடம் கொடுத்தீர்கள். சொல்லி முடித்ததும் அப்பா பாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

நாங்கள் படித்த நாவல் ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’. 1960-ல் வந்தது, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. அலபாமா மாநிலத்தில் மேகோம் என்ற கற்பனை ஊர். செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கும் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவர், அவருக்காக வாதாடும் வெள்ளைக்கார வழக்கறிஞர் ஆட்டிகஸ் ஃபின்ச், எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லும் அவருடைய சிறு மகள் ஸ்கவுட். தேர்வுக்குப் படிப்பவர்கள் நீதிமன்றக் காட்சியைத்தான் மனப்பாடம் செய்வார்கள். நீங்கள் அதற்கு முன்பு வரும் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் எங்களை நிறுத்திவிட்டீர்கள். ஃபின்ச் வீட்டில் சமைக்கிற, பிள்ளைகளை வளர்க்கிற கல்பூர்னியா ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகும் அத்தியாயம் அது.

விடுதலை பெற்ற அடிமைகள் தங்கள் முதல் சம்பாத்தியத்தில் வாங்கிய தேவாலயம். அங்கே பாட்டுப் புத்தகம் கிடையாது, இருந்தாலும் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். கல்பூர்னியாவின் மகன் ஜீபோ ஊரில் குப்பை அள்ளுபவர். அவர் முன்னால் நின்று ஒவ்வொரு அடியாகச் சொல்ல, சபை முழுவதும் அதை வாங்கிப் பாடுகிறது. ஸ்கவுட்டுக்கு இது விந்தையாக இருக்கிறது. உங்களில் யாராவது இப்படிப் பாடக் கேட்டிருக்கிறீர்களா என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டீர்கள். நான் கை தூக்கினேன். இலக்கிய வகுப்பில் நானாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஈசூன் தொழிற்பேட்டையிலிருக்கும் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தைப் பற்றிச் சொன்னேன். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்த காலத்தில், அங்கே வேலை பார்த்தவர்கள் மரத்தடியில் வைத்துக் கும்பிடத் தொடங்கிய முருகன் அவர். என் தாத்தாவும் தளத்தில் வேலை பார்த்தவர்தான். 1971-ல் வெள்ளைக்காரர்கள் தளத்தை விட்டுப் போனார்கள், முருகன் போகவில்லை. பின்னாளில் ஈசூனுக்குக் குடிவந்தார். பங்குனி உத்திரத்தன்று ஊரே அங்கேதான். அந்தக் கோயில் பஜனையில் ஒருவர் ஓரடி எடுத்துக் கொடுப்பார், உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். என் அப்பத்தாவுக்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் இப்படிக் கேட்டுக் கேட்டே, பக்கம் பக்கமாக வரும் பாடல்கள் எல்லாம் அவர் நாவில் நின்றன. இதை நான் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசவில்லை. சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் திரும்பி என்னையே பார்த்தார்கள். பிறகு நீங்கள் வெள்ளைப்பலகையில் ஜீபோவின் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் என் அப்பத்தாவின் பெயரை எழுதினீர்கள்.

மிஸ், அந்தப் பலகையை இப்போது நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதுவரை ஆங்கில இலக்கியம் என்றால் வீட்டை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டிய இடம் என்றே நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் இருப்பது அந்த நாவலைப் புரிந்துகொள்ள உதவும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நீங்கள் அதோடு விடவில்லை. கதை நடப்பது 1933 முதல் 1935 வரை. அதே ஆண்டுகளில் இங்கே உங்கள் குடும்பங்கள் எப்படி இருந்தன, கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றீர்கள். தாய்மொழி வகுப்பில் தமிழாசிரியரிடம் கேட்டேன். 1929-ன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோனதையும், 1932-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியதையும், 1935-ல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கியதையும் அவர் சொன்னார். சாதிக்கு எதிராக அந்தச் சங்கமும் பத்திரிகையும் இங்கே பேசின என்றார். அன்று இரவு அப்பத்தாவிடம் கேட்டேன். அவர் மதுரைப் பக்கம். வெற்றிலையை மடித்துக்கொண்டே, “எங்கய்யாவெல்லாம் கோபுரத்தப் பாத்துக் கும்புட்டுட்டுத் திரும்பிருவாரு. உள்ள விடமாட்டாக” என்றார். 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது அப்பத்தா சிறுமி. இதையெல்லாம் அவர் அதுவரை எங்கள் வீட்டில் பேசியதே இல்லை. யாரும் கேட்டதும் இல்லை. மேகோம் நீதிமன்றத்தில் கறுப்பினத்தவர் உட்கார வேண்டிய மாடம் தனி. ஸ்கவுட் அந்த மாடத்தில் ஏறி அவர்களோடு உட்கார்ந்து வழக்கைப் பார்க்கிறாள். அந்த இடத்தை அடுத்த நாள் நான் படித்தபோது, என் கொள்ளுத்தாத்தாவும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

அந்த நாவலைக் குறையில்லாதது என்று நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. டாம் ராபின்சனின் மனத்துக்குள் நாவலாசிரியர் போகவே இல்லை, எல்லாமே வெள்ளைக்காரச் சிறுமியின் கண் வழியாகத்தான் வருகிறது என்று காட்டினீர்கள். அதற்காகவே லாங்ஸ்டன் ஹியூஸ், குவெண்டலின் புரூக்ஸ் கவிதைகளை நகலெடுத்துக் கொடுத்து, கறுப்பினத்தவர் தாமே எழுதியதைப் படிக்கவைத்தீர்கள். 2017-ல் மிசிசிப்பியின் பிலாக்சி நகரில், சங்கடம் தருகிறது என்று ஒரு வகுப்பின் பாடத்திட்டத்திலிருந்து இந்த நாவலை எடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உங்கள் வகுப்புதான் நினைவுக்கு வந்தது. சங்கடமான புத்தகத்தைப் பிள்ளைகளிடமிருந்து எடுக்கத் தேவையில்லை. அருகில் இருந்து சொல்லிக்கொடுக்க உங்களைப் போன்ற ஆசிரியர் இருந்தால் போதும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு கேள்வியையும் சொல்ல வேண்டும். தேவாலயத்திலிருந்து திரும்பும்போது, உன் வீட்டுக்கு வரலாமா என்று ஸ்கவுட் கல்பூர்னியாவிடம் கேட்கிறாள். வரலாம் என்கிறார் கல்பூர்னியா. ஆனால் நாவல் முடியும்வரை ஸ்கவுட் அங்கே போகவே இல்லை. இதை நாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று எங்களைத் தேடவிட்டு, கடைசியில் கேட்டீர்கள்: உங்கள் வீட்டுப் பணிப்பெண்ணின் ஊர்ப் பெயர் என்ன? வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பணிப்பெண் இருந்தார். ஊர்ப் பெயர் சொல்ல முடிந்தவர்கள் மிகக் குறைவு. வாரம் ஒருநாள் ஓய்வு என்ற விதி 2013-ல்தான் வந்தது. இது அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. அடுத்த வாரம் பிள்ளைகள் இலோகோஸ், வோனோசோபோ, பட்டுக்கோட்டை என்று பெயர்களோடு வந்தார்கள். சிலர் அந்தப் பெண்களின் பிள்ளைகள் பெயரையும் கேட்டு வந்திருந்தார்கள். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடையாது என்று தெரிந்தும் ஒரு முழுப் பாடவேளையை அதற்கு ஒதுக்கினீர்கள்.

அப்பத்தா இப்போது இல்லை. அவர் சொன்னவற்றை அன்று ஆரம்பித்து ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், ஊர், தெரு, ஆட்களின் பெயர் எல்லாம் அதில் உண்டு. நீங்கள் கேட்டுவரச் சொல்லியிருக்காவிட்டால் அந்த நோட்டு இருந்திருக்காது. அதன் ஒரு பிரதியை உங்களுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தமிழில்தான் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.



உங்கள் பழைய மாணவி,
ஈசூன்