“நந்தினி கல்வெட்டுல இருக்காளா, அம்மாச்சி?”

கும்பகோணத்தில் அந்தத் தெருவுக்கே அவர் ‘ஹிஸ்டரி டீச்சர்’தான். வயது 71. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து பல வருடங்கள் ஆகியும் பட்டப்பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. சரித்திரப் படமோ, ஆவணப்படமோ எது ஓடினாலும் நடுவில் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இது இவங்களுக்கு எப்படித் தெரியுமாம்?”

இதனாலேயே வீட்டில் யாரும் அவரோடு உட்கார்ந்து படம் பார்ப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி மட்டும் விதிவிலக்கு. அந்தப் பேத்தியால்தான் வந்தது வினை.

சோழர்களைப் பற்றிப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். ‘ஆதித்த கரிகாலன், நந்தினியின் சூழ்ச்சியால் கடம்பூர் மாளிகையில் கொல்லப்பட்டான்’ என்று பேத்தி எழுதியிருந்தாள். பக்கத்தில் ஐஸ்வர்யா ராய் படம் வேறு ஒட்டியிருந்தாள். முழு மதிப்பெண்! டீச்சருக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

“நந்தினின்னு ஒருத்தி கிடையவே கிடையாதுடி. அது கல்கி படைச்ச பாத்திரம்.”

“அப்போ வந்தியத்தேவன்?”

“அவர் இருந்தாரு. குந்தவையோட கணவர்னு கல்வெட்டு இருக்கு.”

“அப்போ பாதி நிஜம், பாதி பொய்யா?”

இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரால் முடியவில்லை. காரணம், பீரோவின் மேல்தட்டில் இருக்கும் ஐந்து பைண்டு புத்தகங்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோது, அவருடைய அம்மா வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்துத் தைத்து வைத்தவை. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். சோழ நாடு என்று ஒன்று இருந்ததே அந்தத் தொடரும் மணியத்தின் ஓவியங்களும் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். தொடர் முடிந்த வருடம் பிறந்த மகள், அந்தப் பக்கங்களில்தான் எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு வரலாறு எடுத்துப் படித்தார். பொய் என்று எதைத் தள்ளுவது? அவரைக் கல்வெட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டதே அந்தக் கதைதானே.

மணிரத்னம் படத்தின் இரண்டு பாகங்களையும் (2022, 2023) அவர் மூன்று முறை பார்த்துவிட்டார். குறைகள் உண்டு. மணிமேகலையே இல்லாத கடம்பூர் அவருக்கு உப்பில்லாத சாம்பார். கல்கி, கரிகாலன் சாகும் நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவார். இருட்டில் கத்தி யாருடையது என்று வாசகர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். கேமராவுக்கு அந்தச் சலுகை இல்லை, எதையாவது காட்டியாக வேண்டும். “காட்டினதும் மர்மம் போச்சு” என்பது டீச்சரின் தீர்ப்பு.

ஆனால், நாவலின் தீவிர ரசிகர்கள் கொதித்த ஒரு மாற்றத்துக்கு அவர் கைதட்டினார். நாவலில் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகன் இல்லை. பூக்காரச் சேந்தன் அமுதன்தான் உண்மையான இளவரசன், அவனே உத்தம சோழனாகிறான். படம் இந்த ஆள்மாறாட்டத்தைத் தூக்கிவிட்டு, மதுராந்தகனையே அரியணையில் உட்கார வைக்கிறது. “கதையைக் கெடுத்துட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. செம்பியன் மாதேவியை உத்தம சோழரோட தாயார்னுதான் கல்வெட்டு எல்லாம் சொல்லுது. ஆள்மாறாட்டம் கல்கியோட கற்பனை. இந்த ஓர் இடத்துல சினிமா நாவலைவிடக் கல்லுக்குப் பக்கத்துல நிக்குது” என்கிறார். கல்கி பக்தையான அம்மா இருந்திருந்தால் வீட்டில் போர் மூண்டிருக்கும்.

ஆவணப்படங்களிடம்தான் அவருக்கு இரக்கமே கிடையாது. கதைப்படம் ‘நான் கதை’ என்று டிக்கெட்டிலேயே ஒத்துக்கொள்கிறது. ஆவணப்படம் அப்படி இல்லையே! 1988-ல் தூர்தர்ஷனில் வந்த ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ அவருக்கு இன்றும் பிடிக்கும். இந்தி பாதிதான் புரிந்தது. ஆனால், நேருவாக ரோஷன் சேத் நேராக வந்து நின்று பேசுவார். நடிப்பு எது, நேருவின் கருத்து எது என்று பிரித்துப் பார்க்க வழி இருந்தது. இப்போது போனில் வரும் வீடியோக்களில் ட்ரோன் பறக்கிறது, முரசு அதிர்கிறது, ‘தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது’ என்று ஒரு கனத்த குரல் சொல்கிறது. “சாயங்காலம் போய் நின்னு பாரு, விழும்” என்று போனுக்கே பதில் சொல்கிறார் டீச்சர்.

அவர் ஆத்திரமெல்லாம், அதே கோயிலில் கண்ணெதிரே இருப்பதைக் காட்டாமல் விடுகிறார்களே என்பதுதான். ராஜராஜன் தஞ்சைக்கு வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் அங்கே வெட்டியிருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று வரி வரியாக இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பெண்களின் முகவரி! அதில் ஒரே ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் படம் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று அங்கலாய்க்கிறார்.

ப்ராஜெக்ட் சண்டை ஒரு வாரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பேத்தியை பஸ் ஏற்றி, காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப் போனார். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைச் சொல்கிறது. அவர்களும் உறவினர்களும் இழந்த நிலங்களின் கணக்குதான் அதன் விஷயம். ஏன் கொன்றார்கள் என்று ஒரு சொல் இல்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழனைச் சந்தேகித்தார், சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார்.

பேத்தி எழுத்தைத் தடவிப் பார்த்தாள். “ரவிதாசன் நிஜமாவே இருக்கான்!” என்று குதித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஏன்னு எழுதலைன்னா யாராச்சும் ஒரு நந்தினியை வச்சுத்தானே ஆகணும், அம்மாச்சி?” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் டீச்சர் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டே வந்தார். ப்ராஜெக்டில் ஐஸ்வர்யா ராய் படம் அப்படியே இருக்கிறது. கீழே மட்டும் புதிதாக ஒரு வரி, பென்சிலில்: ‘இவர் கல்வெட்டில் இல்லை.’