தட்டாஞ்சாவடி டு அந்தமான்... கடலுக்கடியில் ஒரு ஜாலி டூர்!

ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த நண்பர்கள் டூர், இப்போது கடலுக்கு அடியில் போக ஆரம்பித்துவிட்டது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள், பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் என்று பத்துப் பேர் சேர்ந்தால், அடுத்த பேச்சே 'அந்தமான்ல ஸ்கூபா போலாமா?' என்பதுதான்.

புதுச்சேரிக்கும் ஸ்கூபாவுக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிக்கொண்டு நீருக்கடியில் மூச்சு விடும் 'அக்வா லங்' கருவியை 1943-ல் உருவாக்கியவர்கள், பிரெஞ்சு கடற்படை அதிகாரி ழாக் கூஸ்டோவும் பொறியாளர் எமில் கானியானும். அப்போது புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது!

சரி, எப்படித் திட்டமிடுவது?

திரும்பும் டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள்

நீருக்கடியில் அழுத்தம் கூடும்போது, நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், உள்ளே காற்றழுத்தம் குறைவு என்பதால், மூடியைத் திறந்த சோடா பாட்டில்போல உடலுக்குள் குமிழிகள் கிளம்பலாம். மூட்டு வலியில் தொடங்கி, பக்கவாதம் வரை கொண்டுபோய்விடக்கூடிய ஆபத்து இது. எனவே, ஒருமுறை மட்டும் டைவ் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை செய்திருந்தால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். 24 மணி நேரம் விட்டால் இன்னும் நிம்மதி.

ஆறு நாள் திட்டம்

முதல் நாள்: இரவோடு இரவாக ஈ.சி.ஆர். வழியே சென்னை விமான நிலையம். அங்கிருந்து இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்). மாலையில் செல்லுலார் சிறை.

இரண்டாம் நாள்: கப்பலில் ஸ்வராஜ் தீவு. ஹாவ்லாக் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். ராதாநகர் கடற்கரையில் ஓய்வு.

மூன்றாம் நாள்: டைவிங்.

நான்காம் நாள்: காலியாக விடுங்கள். முந்தைய நாள் கடல் கொந்தளித்தால் இந்த நாள் கைகொடுக்கும்.

ஐந்தாம் நாள் போர்ட் பிளேர் திரும்பி, ஆறாம் நாள் விமானம் ஏறலாம்.

நவம்பர் முதல் மே வரை போகலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

மறைக்காதீர்கள்!

டைவிங்குக்கு முன் ஒரு மருத்துவப் படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என எல்லாவற்றையும் கேட்பார்கள். 'எல்லாரும் போறாங்க, நான் மட்டும் எப்படி நிக்கிறது?' என்று 'இல்லை' போட்டுவிடுவதுதான் குழுப் பயணத்தின் பெரிய ஆபத்து. ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். பணம் கட்டியபின் மனசு உண்மை பேசாது.

சளி பிடித்திருந்தாலும் டைவிங் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சரிசெய்ய முடியாவிட்டால் செவிப்பறை கிழியலாம்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்

* 10 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு கடலில் ஸ்கூபா வேண்டாம். அவர்களுக்கும் தாத்தா பாட்டிக்கும் கண்ணாடித் தளப் படகு இருக்கிறது.
* நீச்சல் தெரியாதவர்களும் பயிற்றுநர் துணையோடு முதல் டைவ் செய்யலாம். அதிகபட்ச ஆழம் 12 மீட்டர்.
* நீருக்கடியில் மூச்சை அடக்கவே கூடாது. குறிப்பாக, மேலே வரும்போது.
* கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை. 'மேலே போகலாம்' என்று அர்த்தம்! 'நலம்' என்று சொல்ல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.
* பவளப்பாறையைத் தொடாதீர்கள், உடைத்து எடுத்து வராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

அந்தமான் செலவுக்கு முன் ஒத்திகை பார்க்க நினைத்தால், புதுச்சேரியிலேயே ஸ்கூபா பயிற்சி மையங்கள் உள்ளன. யாருக்குப் பயம், யாருக்குக் காது வலி என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. படகில் ஏறியபின் ஒருவர் 'எனக்கு வேணாம்' என்றால், கிண்டல் செய்யாமல் விட்டுவிடுங்கள். மீன் எங்கேயும் போகாது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்!