சிறகிழந்த பின்னும்

1960-ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக்கில் பெரு நாட்டிடம் இந்தியா 1–3 என்ற கணக்கில் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் தமிழகத்தைச் சேர்ந்த முன்கள வீரர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோலாக அதுவே இன்றும் நிற்கிறது.

ஆயினும் அவர் வாழ்வு அங்கே நின்றுவிடவில்லை. பின்னாளில் கேரள அணிக்குப் பயிற்சியாளரானார். 1973-இல் எர்ணாகுளத்தில் இரயில்வே அணியை 3–2 என வென்று, கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை ஏந்தியது. மூன்று கோல்களும் அணித்தலைவர் மணி அடித்தவை. பயிற்சியாளர் கணக்கில் ஒன்றுமில்லை.

எங்கள் திருப்புட்குழி, இராமனுக்கு வழி சொல்லி உயிர்விட்ட சடாயுவின் நினைவைத் தாங்கிய ஊர். சிறகிழந்த பறவைக்கும் வழிகாட்டும் பணி எஞ்சியிருந்தது. முழங்கால் நோவால் தறிக்குழியை விட்டு எழுந்த நாள்முதல் நான் இதை எண்ணி வருகிறேன். இன்று அண்டை வீட்டுப் பையன் என் தறியில் அமர்கிறான். அறுந்த இழையை முடிய நான் சொல்லித் தருகிறேன். அவன் நெய்யும் சேலையில் என் கைபடாது. ஆயினும் என் கண் அதில் இருக்கும். அது போதும், அன்பர்களே.