அம்மம்மாவின் கட்டிலும் 50 ஹேர்ட்ஸும்

ஒரு அறையின்ர சத்தத்தை ஒரே இலக்கத்தில் சொல்லி முடிக்கிற ஆக்களோட எனக்குக் கொஞ்சக் காலமாக வழக்கு.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அப்ப பக்கத்துக் காணிக்கு வந்த ஜெனரேட்டர் இப்பவும் கரண்ட் நிற்கிற இரவுகளில் ஓடுது. "நெஞ்சுக்குள்ள உறுமுது, நித்திரையே இல்லை" என்பா அம்மம்மா. மற்ற ஆக்களுக்கு அது பெரிசாகக் கேட்பதில்லை. வயசுக் கோளாறு என்று வீட்டில் தீர்ப்பாச்சு.

கட்டடங்களுக்குள் சத்தமும் அதிர்வும் பரவுவதைக் கணிக்க, 'புள்ளிவிபர சக்திப் பகுப்பாய்வு' என்றொரு முறை இருக்கு. 1960களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லயன் போன்றவர்கள், முக்கியமாக ரொக்கட்டுகளுக்காக, வளர்த்தெடுத்தது. சுவர், தளம், அறைக்காற்று ஒவ்வொன்றையும் ஒரு தண்ணித் தாங்கி மாதிரி வைத்து, எதிலிருந்து எதற்கு எவ்வளவு சக்தி பாயுது என்று பார்க்கும். தாங்கியின் மட்டம் தெரியும். அதுக்குள்ள எந்த மூலையில் அலை எழும்புது என்று தெரியாது.

உயர் மீடிறன்களில் அது குறையே இல்லை. அம்மம்மாவின் அறை 11 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். 1000 ஹேர்ட்ஸை ஒட்டிய மூன்றிலொரு ஒக்ரேவ் பட்டியில் அந்த அறைக்கு 2000 அளவில் பரிவுகள் உண்டு. எல்லாம் கலந்து சமப்படும். சராசரி உண்மையைச் சொல்லும். 50 ஹேர்ட்ஸை ஒட்டியோ ஒன்றிரண்டுதான். ரெண்டு பேரை வைத்துக் கருத்துக்கணிப்பு எடுக்கேலாது.

நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 1500 தரம் சுத்தினால், செக்கனுக்கு 50 வெடிப்பு. 11 அடி நீளத்தின் முதல் பரிவு 52 ஹேர்ட்ஸ் அளவில் வருது. ஏ/எல் பௌதிகவியலில் படிச்ச அதே நிலையான அலைதான்: அமுக்க மாற்றம் அறை நடுவில் மிகக் குறைவு, இரண்டு அந்தச் சுவர்களிலும் மிகக் கூட. அம்மம்மாவின் தலைமாடு சரியாக அந்தச் சுவரோடு. வாசலுக்குள்ள வந்து நடுவில் நின்று "ஒண்டும் கேட்கேல்லையே" என்ற எல்லாரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கினம். டிபிஏ கணக்கில் அளந்தாலும் 50 ஹேர்ட்ஸில் 30 டெசிபெல் கழிஞ்சுபோகும், அது வேற கதை.

கட்டிலை நடுவுக்கு இழுத்தம். உறுமல் நல்லாக் குறைஞ்சுது. "நடுவில கிடத்துறது செத்தாப் பிறகுதானே" என்று அம்மம்மா திருப்பிச் சுவரோடு போடச் சொல்லிவிட்டா. இப்ப புகைக்குழாய்க்குப் பெரிய சைலன்சர் போடச் சொல்லிப் பக்கத்துக் காணிக்காரரிட்டக் கேட்டிருக்கிறம்.