போன தண்ணி திரும்பி வரணும்

இரவு பத்தரை மணி. சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்வாசலில், சரக்கு லிஃப்ட்டுக்காகக் காத்து நின்றோம். கார்ப்பெட் கழுவும் வேலையைக் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் அண்ணன், வாண்ட் பிடிக்கும் அக்கா, ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் பழகிவிட்ட ஒரு தம்பி, நான். நடுவில் இரண்டு மெஷின்கள். அண்ணனுடைய பழைய மெஷின் ஓய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்குவதற்குமுன், இரண்டு கம்பெனிகளிடம் ஒரு ராத்திரிக்கு டெமோ கேட்டு எடுத்து வந்திருந்தார். ஒரே தளத்தில் பாதிப்பாதியாக ஓட்டிப் பார்ப்பது திட்டம். ஒன்றில் ஹீட்டர் உண்டு, பம்ப் அழுத்தம் 500 பிஎஸ்ஐ வரை போகும். மற்றதில் ஹீட்டர் கிடையாது, அழுத்தம் 200தான். ஆனால் உறிஞ்ச இரண்டு மோட்டார்.

நாலாவது மாடி முழுக்க 50 சென்டிமீட்டர் சதுரமான கார்ப்பெட் டைல். சாம்பல் நிற நைலான். பழைய மகாபலிபுரம் சாலையில் மெட்ரோ ரயில் வேலை நடக்கிறது. அந்தப் புழுதியெல்லாம் செருப்பிலும் ஷூவிலும் ஏறி இங்கே வந்து தங்குகிறது. லிஃப்ட் வாசலிலிருந்து பேன்ட்ரி வரை கறுப்பாக ஒரு தடம். மாட்டு வண்டித் தடம் மாதிரி என்றாள் அக்கா.

இந்த வேலைக்கு ஊரில் ஸ்டீம் வாஷ் என்று பெயர். நீராவி எதுவும் இதில் இல்லை. பம்ப் தண்ணீரை நூலுக்குள் பீய்ச்சும். அதே நொடியில், வாண்ட் என்ற வளைந்த ஸ்டீல் குழாயின் வாய், அழுக்கோடு அதைத் திரும்ப உறிஞ்சும். நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், அழுக்குத் தண்ணீருக்கு இன்னொன்று. மெஷின் என்பது இவ்வளவுதான். எதை வாங்குவது என்ற கேள்வியில்தான் தொழில் முழுவதும் அடங்கியிருக்கிறது.

யாரும் உடனே மெஷினைத் தொடவில்லை. அக்கா முக்கால் மணி நேரம் வெறும் வேக்கம் போட்டாள். "காஞ்ச மண்ண காஞ்சபடியே எடுத்துடணும் சார். தண்ணி பட்டா சேறாயிடும், அப்புறம் எந்த மெஷினும் எடுக்காது." பிறகு தம்பி மருந்து தெளித்தான். பத்து நிமிஷம் ஊற விட்டார்கள். இந்த ஊற வைக்கிற பொறுமைதான் பாதி அழுக்கைக் கழற்றுகிறது என்பதை நான் அங்கே நேரில் பார்த்தேன். பிரஷ் பட்டதும் நுரை பழுப்பாகத் திரும்பியது.

முதலில் ஹீட்டர் மெஷின். போட்ட மூன்றாவது நிமிஷத்தில் அந்தப் பக்கத்து விளக்கெல்லாம் அணைந்தது. எம்சிபி டிரிப். அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை, விசிட்டிங் கார்டைத் திருப்பிக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஹீட்டர் 2,000 வாட், உறிஞ்சும் மோட்டார் 1,200, பம்ப் ஒரு 250. ஆக 3,450. நம் 230 வோல்ட்டில் அது 15 ஆம்பியர். 16 ஆம்பியர் பாயின்ட் தாங்கும், ஆனால் தனியாக இருந்தால்தான். அலுவலகத்தில் பக்கத்துப் பாயின்ட்டும் விளக்கும் அதே சர்க்யூட்டில் இருந்தால் போச்சு. கம்ப்யூட்டருக்கான யுபிஎஸ் பாயின்ட்டில் கைவைக்கவே கூடாது. தம்பி ஒயரை இழுத்துக்கொண்டு வேறு சர்க்யூட் தேடிப் போனான். மெஷின் வாங்குமுன் கட்டடத்தின் ஒயரிங்கைப் பார்க்க வேண்டும் என்று யார் சொல்லித் தருகிறார்கள்?

சூட்டுக்கு மதிப்பு இல்லாமல் இல்லை. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. பேன்ட்ரி வாசலில் வடை எண்ணெய் ஏறிய இடத்தை ஹீட்டர் மெஷின் இரண்டு இழுப்பில் வெளுக்க வைத்தது. சாதாரணத் தண்ணீர் அங்கே தடுமாறியது. ஓட்டல் சாப்பாட்டுக் கூடமே பிழைப்பாக உள்ளவர் ஹீட்டர் இல்லாமல் வாங்கக் கூடாது. ஆனால் இந்தச் சாலையில் பல கட்டடங்களுக்கு லாரித் தண்ணீர்தான். அதோடு உப்பேறிய போர் தண்ணீரும் கலந்து வரும். கடினமான தண்ணீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு ஹீட்டர் கம்பியில் படிந்துவிடும். மாதம் ஒரு தடவை சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓட்டாவிட்டால் ஹீட்டர் மின்சாரத்தைத் தின்னும், சூடு தராது. அதற்கு ஆள், நேரம், நினைவு மூன்றும் வேண்டும்.

சூடு கெடுத்த கதையும் அண்ணனிடம் இருக்கிறது. சில வருஷம் முன்னால் ஓர் ஓட்டல் முகப்பில் படோகியில் நெய்த கம்பளிக் கார்ப்பெட். கம்பளி என்பது ஆட்டு முடி. பிஎச் 8-க்கு மேலே போகும் காட்டமான மருந்தும் கொதிக்கிற தண்ணீரும் அதற்கு ஆகாது. நைலானுக்குப் போடும் மருந்தையே சூடாக இவர்கள் போட்டார்கள். சிவப்புச் சாயம் வெள்ளைப் பூவுக்குள் இறங்கிவிட்டது. இரண்டு மாதச் சம்பாத்தியம் நஷ்டஈட்டில் போனது. இப்போது எங்கே போனாலும் முதலில் ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்தி முகர்ந்து பார்க்கிறார். முடி பொசுங்கும் வாடை வந்தால் கம்பளி.

500 பிஎஸ்ஐ என்பதைத்தான் விற்க வந்தவர் அழுத்திச் சொன்னாராம். எனக்கும் முதலில் அது பெரிய விஷயமாகப் பட்டது. வாண்டிலிருந்து தண்ணீர் சீறுவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அவ்வளவு அழுத்தம் செராமிக் தரையின் இடுக்குகளுக்குப் பொருந்தும். கார்ப்பெட் டைலில் அது இணைப்புகள் வழியே அடியில் இறங்கி, பசையை நனைத்து, மூலைகளைத் தூக்க வைத்துவிடும். ஆழத்தில் போன தண்ணீர் காயும்போது மேலே ஏறி வரும். வரும்போது அடி அழுக்கையும் கூட்டிவரும். காலையில் பளிச்சென்று இருந்த இடத்தில் மறுநாள் பழைய காபிக் கறை திரும்பி நிற்பது அதனால்தான். அண்ணன் குமிழைத் திருகி 150-க்கு இறக்கினார்.

அப்புறம் இரண்டாவது மெஷின். உறிஞ்சும் பலத்தை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்குகிறது என்பது ஒன்று. அதை அங்குலத்தில் சொல்வார்கள். நிமிஷத்துக்கு எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பது இன்னொன்று. இரண்டு மோட்டாரைத் தொடராக இணைத்தால் தூக்கும் பலம் கூடும்; பக்கம் பக்கமாக இணைத்தால் காற்று கூடும். இது தொடர் இணைப்பு. ஹோஸ் நீள நீள உறிஞ்சல் குறையும் என்பதால், பெரிய தளத்தில் 50 அடி ஹோஸ் போட்டு வேலை செய்பவர்களுக்குத் தூக்கும் பலம் அவசியம்.

அண்ணனின் பரிசோதனை எளிமையானது. இரண்டு மெஷினிலும் அளந்து பத்து லிட்டர் ஊற்றினார். தீரும் வரை ஓட்டிவிட்டு அழுக்கு டேங்கை வாளியில் திறந்தார். கறுத்த டிக்காஷன் மாதிரி இறங்கியது. ஹீட்டர் மெஷினின் வாளியைவிட இதன் வாளியில் நன்றாக நான்கு விரல் மேலே நின்றது தண்ணீர். "மிச்சம் எங்க சார் இருக்கு? கார்ப்பெட்ல. போன தண்ணி திரும்பி வரணும். வராத தண்ணி நாத்தமா வரும்."

இந்த ஊரில் அது வெறும் பேச்சில்லை. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் காற்றே ஈரம். இரவில் ஏசியை நிறுத்திவிடும் கட்டடங்களில் கார்ப்பெட் காயாது. காலை எட்டு மணிக்கு ஆட்கள் வந்து ஈரத்தில் மிதித்தால் அன்றைக்கே திரும்ப அழுக்கு. அதனால் தண்ணீர் விட்டு ஓர் இழுப்பு, விடாமல் இரண்டு இழுப்பு என்பது அக்காவின் கணக்கு. அப்புறம் டிஷ்யூ தாளை வைத்து உள்ளங்கையால் அழுத்துவாள். தாள் நனைந்தால் மறுபடி ஓர் இழுப்பு.

நடுவில் ஒரு தடவை மோட்டாரின் சத்தம் மாறியது. அக்கா உடனே காலால் சுவிட்சை அணைத்தாள். டேங்கில் நுரை பொங்கியிருந்தது. இதற்குமுன் யாரோ ஷாம்பூ போட்டு அலசாமல் விட்டிருக்கிறார்கள். டேங்க் நிறைந்தால் மிதவைப் பந்து எழுந்து வழியை அடைக்கும். நுரை அந்தப் பந்தை ஏமாற்றிவிட்டு மோட்டாருக்குள் போய்விடும். பழைய மெஷின் செத்தது அப்படித்தான். தம்பி நுரை அடக்கும் மருந்தை ஒரு மூடி ஊற்றினான்.

எடையைப் பற்றி எந்தக் கம்பெனித் தாளிலும் பெரிய எழுத்தில் இல்லை. டேங்கில் 40 லிட்டர் என்றால் 40 கிலோ; மெஷின் தன் எடை அதற்குமேல். பாத்ரூம் வாசலில் ஓர் இரண்டு அங்குலப் படி. ஹீட்டர் மெஷினின் சின்னச் சக்கரம் அங்கே நின்றுவிட, அக்காவும் தம்பியும் தூக்கித்தான் ஏற்றினார்கள். அவள் வலது தோளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சுவரில் சாய்ந்திருந்தாள். ஒரு ராத்திரியில் ஆயிரம் தடவைக்கு மேல் முன்னும் பின்னும் போகிற தோள் அது. மெஷின் தேர்வில் அந்தத் தோளுக்கு முதல் ஓட்டு உண்டு என்றே நான் நினைக்கிறேன், அண்ணனிடமும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"எது வாங்கலாம், சொல்லும்மா."

"ரெண்டு மோட்டார்து எடுங்கண்ணே. சூடு வேணும்னா பேன்ட்ரி பக்கத்துக்கு மட்டும் கெட்டில்ல வச்சி நான் ஊத்திக்கிறேன். வாண்ட் மட்டும் இது வேணாம், பிடி குட்டையா இருக்கு. நம்ம பழசு நல்லா இருக்கு, அத மாட்டித் தரச் சொல்லுங்க."

அண்ணன் அங்கேயே அந்தக் கம்பெனிக்காரருக்கு மெசேஜ் அடித்தார். மணி நாலேகால். தம்பி காத்தாடிகளைத் தரையோடு சாய்த்து ஓட விட்டான். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கறுப்புத் தடம் இருந்த வழியே வெறுங்காலோடு மெல்ல நடந்தாள். பாதியில் நின்று, குதிகாலால் ஓரிடத்தை அழுத்திப் பார்த்தாள்.

"தம்பி, இங்க இன்னொரு இழுப்பு."