சமாதானம் பேசுவது விசாரணை ஆகாது

"டீச்சர், இது வெளிய போனா உங்கட பேர்தான் கெடும். நான் அவரோட கதைக்கிறன். நீங்க இதப் பெருசுபடுத்த வேணாம்."

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலையில் அதிபர் அறையில் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. புதிதாக நியமனம் பெற்று வந்த ஆசிரியை ஒருவர், சிரேஷ்ட ஆசிரியர் ஒருவர் இரவு நேரங்களில் தொடர்ந்து வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதாகவும், தனியே கண்டால் உடையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கதைப்பதாகவும் முறையிட்டிருந்தார். செய்திகள் அவரது போனிலேயே இருந்தன. யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அடுத்த நாள் இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, பிளேன்டீ கொடுத்து, "ஒருத்தர ஒருத்தர் மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று முடித்துவிட்டார்கள். அந்த ஆசிரியை எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஓய்வறையில் இருந்த நாங்களும் கேட்கவில்லை. "அவர் நல்ல மனுசன், ஐந்து நேரம் தொழுறவர்" என்றோம். "அவருக்கும் பொம்புளப் புள்ளைகள் இருக்கு" என்றோம். வருட முடிவில் அந்த ஆசிரியை தானே இடமாற்றம் கேட்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பாடசாலைக்குப் போய்விட்டார். வட்டிலப்பம் வைத்து வழியனுப்பினோம். அது இன்றும் எங்களுக்கு உறுத்துகிறது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கண்டோம். ஒரு காரியாலயத்தில் வேலை செய்த சகோதரர் ஒருவரைப் பற்றி மொட்டைக் கடிதம் ஒன்று வந்தது. வந்த அன்றே அதன் படம் ஊர்க் குழுக்களில் சுற்றியது. கடிதத்தில் சொல்லப்பட்ட நாளில் அவர் லீவில் இருந்தது வரவுப் பதிவேட்டிலேயே இருந்தது. அதைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்ப்பதற்குள் அவரது பிள்ளைகள் பாடசாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டும் வெவ்வேறு கதைகள் போலத் தெரியும். நோய் ஒன்றுதான். பொறுப்பில் இருந்தவர் விசாரிக்கவில்லை. ஒரு இடத்தில் மூடி மறைத்தார்கள், மற்ற இடத்தில் கசிய விட்டார்கள். 'முறையாக விசாரித்தால் ஆண்களுக்கு ஆபத்து' என்று நம்மில் சிலர் பயப்படுகிறார்கள். உண்மையில் முறையான விசாரணைதான் முறைப்பாடு செய்தவருக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஒரே பாதுகாப்பு.

அதிபரோ முகாமையாளரோ செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. முறைப்பாட்டை முழுமையாகக் கேட்டு, திகதி, நேரம், இடம், கண்டவர்கள் என்று எழுத்தில் எடுக்க வேண்டும். செய்திகளின் பிரதிகளைப் பத்திரப்படுத்த வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரிடம், இன்னதுதான் குற்றச்சாட்டு என்று தெளிவாகச் சொல்லி, பதில் தரப் போதிய அவகாசம் கொடுக்க வேண்டும். விசாரணை முடியும் வரை இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்யாதபடி ஒழுங்கு செய்ய வேண்டும், ஆனால் இடம் மாறுகிறவர் எப்போதும் முறைப்பாடு செய்தவராகவே இருக்கக் கூடாது. பொறுப்பதிகாரி அவரில் ஒருவருக்குக் கூட்டாளியாகவோ உறவாகவோ இருந்தால், தான் விலகி மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவை இருவருக்கும் அறிவிக்க வேண்டும். இடையில் ஓய்வறைக்கு எதுவும் வரக் கூடாது.

அரச சேவையில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. தாபன விதிக்கோவையின் 2ஆம் தொகுதி ஆரம்ப விசாரணை, குற்றப்பத்திரிகை, ஒழுக்காற்று விசாரணை என்று படிப்படியாகச் சொல்கிறது. அதைவிடப் பெரியது நாட்டின் சட்டம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. சொல்லாலோ செயலாலோ செய்தாலும் குற்றம்தான். வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதும் அதற்குள் அடங்கும். 5 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பிளேன்டீ கொடுத்து முடிக்கிற விடயமா இது?

மார்க்கமும் இதைத்தான் கற்றுத் தந்திருக்கிறது. அலி (ரழி) அவர்களை யெமனுக்கு நீதிபதியாக அனுப்பும்போது, ஒரு தரப்பைக் கேட்டது போல மறு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நமக்குச் சொந்தம் பார்த்தும் தொழுகையைப் பார்த்தும் தீர்ப்புச் சொல்லிப் பழகிவிட்டது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் பெற்றோர்களே, பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் பெரியவர்களே, இப்படி ஒரு விடயம் உங்களிடம் வந்தால் சமரசம் பேச ஓட வேண்டாம். "எழுத்தில் எடுத்தீங்களா? மற்றவரையும் கேட்டீங்களா? யார் விசாரிக்கிறது?" என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். பெண் ஆசிரியைகளுக்கும் ஒரு வார்த்தை. செய்திகளை அழிக்காதீர்கள். பாடசாலையில் கேட்காவிட்டால் வலயத்துக்கு எழுதுங்கள், 1938 பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள்.

அன்று நாங்கள் அந்த மூன்று கேள்விகளில் ஒன்றையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னொரு தங்கச்சி இரண்டு பஸ் மாறிப் போகாதிருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.