கடல் கடந்த மடல்: கதவு திறந்த மாளிகை



வியன்னாவுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஷோன்புருன் அரண்மனையைப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால், “ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போகலாம்?” என்று யாராவது கேட்டால் நான் கூட்டிப்போவது பெல்வெடேருக்கு. ஒரு தளபதி தன் புகழுக்காகக் கட்டிய மாளிகை எப்படி ஊர்ப்பொதுவானது என்பதை அங்கே அறை அறையாக நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

கட்டியவர் சவோய் இளவரசர் யூஜின். 1663இல் பாரிசில் பிறந்தவர். பதினான்காம் லூயி தன் படையில் இடம் தர மறுத்ததால், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில் ஹாப்ஸ்பர்க் பேரரசரிடம் வந்து சேர்ந்தார். அது 1683, துருக்கியப் படை வியன்னாவை முற்றுகையிட்டிருந்த நேரம். பின்னாளில் ஸென்டாவில் வென்று பேரும் பொருளும் சேர்த்தவர், அன்றைய நகர எல்லைக்கு வெளியே ஒரு சரிவான நிலத்தை வாங்கினார். கட்டடக் கலைஞர் யோஹான் லூகாஸ் ஃபான் ஹில்டெபிராண்ட். குடியிருக்கக் கீழ் பெல்வெடேர் 1716இல் முடிந்தது. விருந்துக்கும் வரவேற்புக்குமான மேல் பெல்வெடேர் 1723இல் எழுந்தது. இரண்டுக்கும் நடுவே படிப்படியாக இறங்குகிறது தோட்டம். இதற்கு மட்டும் கட்டணம் கிடையாது.

மேல் மாளிகையில் நுழைந்ததும் தரைத்தள மண்டபத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான்கு வெள்ளை ராட்சத உருவங்கள் கூரை வளைவுகளைத் தோளில் தாங்குகின்றன. பரோக் பாணிக்கே உரிய அலங்காரம் என்று எண்ணிப் பலரும் கடந்துவிடுவார்கள். உண்மையில் கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே இந்தக் கூரை இடிந்துவிழும் நிலைக்கு வந்துவிட்டது. அதைத் தாங்கத்தான் 1730களில் இந்தத் தூண்கள் வந்தன. குனிந்த கழுத்தையும் புடைத்த தசைகளையும் பக்கத்தில் நின்று பாருங்கள். அவசியத்துக்காக வைத்த முட்டுத்தூணைக்கூட இவ்வளவு அழகாகச் செய்யலாம் என்று காட்டிய காலம் அது.

யூஜினுக்கு மனைவி மக்கள் இல்லை. 1736இல் அவர் மறைந்தபின் சொத்து அண்ணன் மகளுக்குப் போனது. 1752இல் பேரரசி மரியா தெரசா இதை வாங்கினார். அவர் மகன் இரண்டாம் ஜோசப் காலத்தில், 1781இல், அரச குடும்பத்தின் ஓவியங்களை இங்கே வைத்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உலகிலேயே பொதுமக்களுக்குத் திறந்த முதல் அருங்காட்சியகங்களில் இதுவும் ஒன்று. சுவரை நிரப்பும் அலங்காரமாக இருந்த படங்களை, வரிசைப்படுத்தும் பொறுப்பேற்ற கிறிஸ்டியன் ஃபான் மெஷெல் நாடு, காலம் என்று வகைபிரித்து மாட்டினார். அரசனும் அவன் விருந்தாளிகளும் மட்டும் கண்ட ஓவியங்களைக் குடிமக்கள் வரிசைப்படி பார்த்துப் பாடம் படிக்க வழி பிறந்தது.

மாடியில் செம்பழுப்புச் சுவர்களுடன் பளிங்கு மண்டபம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் ஆஸ்திரியாவைப் பங்கிட்டு ஆண்டன. பத்து ஆண்டுகள் கழித்து, 1955 மே 15 அன்று, விடுதலை ஒப்பந்தம் கையெழுத்தானது இந்த மண்டபத்தில்தான். வெளியுறவு அமைச்சர் லியோபோல்ட் ஃபிகிள் அந்த ஏட்டை மேல்மாடத்திலிருந்து உயர்த்திக் காட்ட, கீழே தோட்டத்தில் திரண்டிருந்த கூட்டம் ஆர்ப்பரித்தது.

கூட்டம் அலைமோதும் அறை ஒன்று உண்டு. அங்கே இருப்பது குஸ்தாவ் கிளிம்ட்டின் ‘முத்தம்’. அகலமும் உயரமும் 180 செ.மீ. தங்கத் தகடும் எண்ணெய் வண்ணமும் கலந்த ஓவியம். ஆணின் அங்கியில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், பெண்ணின் ஆடையில் வட்டங்களும் பூக்களும். எல்லோர் கண்ணும் முகங்களுக்குப் போகும். நீங்கள் பாதங்களைப் பாருங்கள். மண்டியிட்ட பெண்ணின் கால்விரல்கள் பூந்தரையின் விளிம்பில் மடங்கி ஊன்றியிருக்கின்றன. அதற்கு அப்பால் தரையே இல்லை. கைப்பேசிப் படத்தில் தங்கம் வெறும் மஞ்சளாகிவிடும். நேரில் இரண்டடி நகர்ந்தால் அதன் ஒளியும் மாறும். காலையில் திறந்தவுடன் போனால் கொஞ்சமாவது நின்று பார்க்கலாம்.

1908இல் கண்காட்சியில் வைக்கப்பட்டிருந்த இந்தப் படத்தை 25,000 கிரோனுக்கு வாங்கியது அரசு. ஆனால், அதே கிளிம்ட் வரைந்த வேறு ஐந்து படங்கள் வந்த வழி வேறு. அவை யூதரான சர்க்கரை ஆலை அதிபர் ஃபெர்டினாண்ட் பிளாக்-பாவரின் வீட்டுப் படங்கள். 1938இல் நாஜிகளுக்குத் தப்பி அவர் ஓடிவிட, சொத்து பறிமுதலானது. போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்த ஐந்தும் இங்கேதான் இருந்தன. அவருடைய மனைவி அடேலின் பொன்னிற உருவப்படம் அவற்றுள் ஒன்று. தம்பதியின் உறவுப்பெண் மரியா ஆல்ட்மன் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் வழக்காடினார். கடைசியில் ஆஸ்திரிய நடுவர் குழுவே அவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 2006இல் ஐந்து படங்களும் கைமாறின. அடேலின் படம் இன்று நியூயார்க்கில் இருக்கிறது.

நாட்டின் பெருமை நாட்டைவிட்டுப் போகிறதே என்று அப்போது பலர் வருந்தினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. பொதுச் சொத்து என்ற பெயரால் ஒரு குடும்பத்திடமிருந்து பறித்ததை வைத்துக்கொள்ள எந்த அருங்காட்சியகத்துக்கும் உரிமை இல்லை. இன்று தன்னிடமுள்ள படங்கள் யார் கையிலிருந்து எப்படி வந்தன என்று பெல்வெடேரே ஆய்வு செய்து வெளியிடுகிறது. இந்த மாளிகையை நான் மதிப்பதற்கு அதன் தங்கமும் பளிங்கும் காரணம்தான், ஆனால் முதல் காரணம் இந்த ஆய்வு.

கீழ் மாளிகையிலும் அதை ஒட்டிய ஆரஞ்சுத் தோட்டக் கூடத்திலும் கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். ‘டி’ டிராமில் ஏறினால் மேல் மாளிகை அருகே இறங்கலாம். வரும்போது ஒரு முழுப் பகலை ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். எந்தப் படத்தின் முன் நின்றாலும் வரைந்தவர் பெயரோடு அது இங்கே வந்த வழியையும் கேளுங்கள்.

அன்புடன்,
வியன்னாவிலிருந்து உங்கள் மடலாசிரியர்